சொல்லாமல் போனவன் மீதான வழக்கு

என் சித்தப்பா ராணுவ நீதிமன்ற அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். துப்பாக்கியைத் தொட்டதில்லை. கடைசி நாளன்று, கழித்துக் கட்டிய நூல்களிலிருந்து ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தார்: பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான, ராணுவச் சொற்களுக்கும் சட்டத்துக்குமான அகராதி. கோட்டை முற்றுகை முதல் குதிரை லாடம் வரை எல்லாம் அதில் உண்டு. வீட்டில் எந்தத் தகராறு வந்தாலும் அதைத்தான் பிரிப்பார். சித்தி அதை 'மூத்தாள்' என்பாள்.

அவர்களுடைய ஒரே மகன், எனக்கு அண்ணன், மூன்று வருடங்களுக்கு முன் வீட்டில் சொல்லாமல் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். சித்தப்பா அன்றே அகராதியைப் பார்த்து, மகன் படையை விட்டு ஓடியவன் என்றும், இனி வீட்டுப் படி ஏறக் கூடாது என்றும் அறிவித்தார்.

சென்ற ஞாயிறு அவன் பெட்டியோடு வாசலில் நின்றான். நெடும்பயணம் முடிந்து நானும் அப்போது அங்கே தங்கியிருந்தேன். சித்தி கதவைத் திறக்க, சித்தப்பா கையை நீட்டி மறித்தார்.

"விசாரணை இல்லாம உள்ள விட முடியாது."

"பெத்த பிள்ளைக்கு என்னங்க விசாரணை? இவளும்தான் உலகம் பூரா சுத்திட்டு வந்தா. ஏதாவது கேட்டீங்களா?"

"இவ லீவு சொல்லிட்டுப் போனா."

அண்ணன் பெட்டி மேல் உட்கார்ந்தான். "சொன்னா விட மாட்டீங்கன்னுதாம்ப்பா..."

"குற்றம் சாட்டப்பட்டவர் கோர்ட்டு கேட்டாத்தான் பேசணும்."

சாப்பாட்டு மேசையை நடுக்கூடத்துக்கு இழுத்துத் தலைமை நாற்காலியில் அமர்ந்தார். ராணுவ நீதிமன்றம் கூடும் முறை பற்றிய பக்கத்தில் விரலை ஓட்டியவர் பாதியில் நின்றார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி வாசித்தார். எழுந்துவிட்டார்.

"என்னாச்சு?" என்றாள் சித்தி.

"குற்றம் சாட்டினவரே நீதிபதியா உட்காரக் கூடாதாம்."

அந்த வரியை வேறு யாரும் பார்த்திருக்கப்போவதில்லை. பேசாமல் பக்கத்தைப் புரட்டியிருக்கலாம். அப்படி ஒரு வழி இருப்பதே அவருக்குத் தோன்றவில்லை.

காலியான நாற்காலியில் சித்தி ஈரக் கையோடு வந்து அமர்ந்தாள். என்னையும் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தாள். சித்தப்பா நின்றபடி வாதாடினார்.

"மூணு வருஷமா போன் பண்றான். அவங்க அம்மாகிட்ட மட்டும் பேசுவான். நான் எடுத்தா வெச்சிடுவான்." தண்ணீர் கேட்டார். நீதிபதியே எழுந்து போய்க் கொண்டுவந்தாள்.

குடித்துவிட்டு என்னைப் பார்த்தார். "வயசுல சின்னவங்கதான் முதல்ல தீர்ப்பு சொல்லணும். பெரியவங்க மூஞ்சியைப் பார்த்து மாத்திக்கக் கூடாதுன்னு விதி." சொல்லிவிட்டுத் தன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"உள்ள வரட்டும்" என்றேன்.

"எனக்கும் அதேதான்" என்ற சித்தி, வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "டேய், கையைக் கழுவிட்டு வந்து உட்காரு. ஆறிப்போகுது."

அண்ணன் வந்தான். சித்தப்பா அகராதியை மூடி அலமாரியில் வைத்துவிட்டு வந்து, அவனுக்கு இடம்விட்டுத் தள்ளி அமர்ந்தார்.

"கேஸ் பலமான கேஸ்தான்" என்றார் தட்டைப் பார்த்தபடி. "கோர்ட்டுதான் சரியில்ல."