கல்லறைக் கல்லுக்கு ஒரு முகம்

என் வீட்டுக்காரர் இறந்த அன்று தெருமுனையில் கட்டிய பேனரில் இருந்தது அவர் முகமே இல்லை.

கண்ணீர் அஞ்சலி என்று பெரிய எழுத்தில் போட்டு, நடுவில் யாரோ ஒருவர் இருந்தார். கன்னம் ரோஜா நிறம். உதட்டில் சாயம் பூசியது போல ஒரு சிவப்பு. நெற்றியில் ஒரு சுருக்கம் கிடையாது. உடம்புக்கு நீலக் கோட்டு வேறு. அவர் கோட்டு போட்டு நான் பார்த்ததில்லை. ஆவடி தொழிற்சாலையில் இருந்தவரைக்கும் காக்கி, ஓய்வு பெற்றுக் கரையான்சாவடியில் வீடு கட்டி வந்த பிறகு வெள்ளை அரைக்கைச் சட்டை, அவ்வளவுதான் அவர் உடுப்பு. சாவுக்கு வந்தவர்களில் சிலர் பேனரைப் பார்த்துவிட்டு, இது வேறு யாரோ வீடு என்று மெயின் ரோடு வரை திரும்பிப் போய்விட்டு வந்தார்கள்.

அவர் தங்கை, என் நாத்தனார், வாசலில் நின்றிருந்த என் மகனைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடா இது? எங்க அண்ணனா இது? கல்யாண மாப்ள மாதிரி கீறான்!"

"பேனர் கடைல ஏதோ ஆப்ல போட்டாங்க அத்தை. ஒரு தட்டு தட்டுனா தானா அழகாயிடுமாம்."

"அழகாத்தான் ஆயிடுச்சி. ஆளைத்தான் காணோம்."

அழுகைக்கு நடுவிலும் இரண்டொருவர் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேனரைப் பார்த்ததும் என் கண் முதலில் தேடியது அவருடைய கீழ் உதட்டு ஓரத்தை. அங்கே இருக்க வேண்டியது இல்லை.

அவருக்கு இடது பக்கம் கீழ் உதட்டில் தொடங்கித் தாடை வரைக்கும் ஒரு வெள்ளை உண்டு. வெண்புள்ளி. ஒரு புளியங்கொட்டை அளவு இருக்கும். சின்ன வயதில் வந்தது, அதற்கு மேல் பரவவில்லை. ஒட்டாது, பிள்ளைகளுக்கு வரும் என்றும் பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் டாக்டர் சொன்னதை ஊரில் யார் கேட்கிறார்கள்? அந்த வெள்ளையால் தங்கைக்கு வந்த வரன்கள் தட்டிப் போயின. அவருக்கும் வரன் தட்டிப் போயிருக்கிறது. அதனால் எங்கள் கல்யாணத்தன்று தாடையில் ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டுதான் மாதா கோயிலுக்கு வந்தார். ஷேவ் செய்யும்போது வெட்டிக்கொண்டதாகச் சொன்னார்கள். எங்கள் கல்யாணப் படத்தில் அந்தப் பிளாஸ்திரி இன்றைக்கும் இருக்கிறது.

மறுநாள் முகம் கழுவும்போது அதை எடுத்தார். நான் பார்த்தேன். அவரும் நான் பார்ப்பதைப் பார்த்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. யாரிடமும் எதையும் கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை. அன்றைக்குக் கேட்காததால், பிறகு அதைப் பற்றி எங்களுக்குள் பேச்சே வராமல் போய்விட்டது.

ஆனால் பிளாஸ்திரி வெட்டுகிற வேலை என்னுடையதாகிவிட்டது. தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, பிள்ளைகளுக்குக் கோயிலில் ஒரு புதுநன்மை விழா என்றால் நான் கத்தரிக்கோலை எடுப்பேன். "இன்னும் கொஞ்சம் சின்னதா வெட்டு" என்பார். முனையை வளைத்து வெட்டினால் நன்றாக ஒட்டும் என்று நாளாவட்டத்தில் எனக்குப் புரிந்தது. கூட வேலை செய்தவர் ஒருவர் கேலி செய்வார்: "இன்னா நைனா, உன் பிளேடுக்குக் கல்யாணம்னா மட்டும் கோவம் வந்துடுமா?" இவரும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்திரியை வெடுக்கென்று பிடுங்கி எறிவார். மீசையோரத்து முடியும் அதோடு வரும்.

ஆகவே எங்களிடம் இருக்கிற படங்களில் எல்லாம் ஒன்று பிளாஸ்திரி இருக்கும், இல்லையென்றால் முகத்தை இடது பக்கம் திருப்பியிருப்பார். நேராக அவர் இருக்கிற படம் ஒன்றே ஒன்று. ஒரு காலையில் வாசற்படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரை மருமகள் "மாமா" என்று கூப்பிட, நிமிர்ந்து சிரித்தார். அவள் போனில் எடுத்துவிட்டாள். எடுத்தது அவருக்குத் தெரியாது. அந்தப் படத்தை எனக்கும் அனுப்பியிருந்தாள்.

எங்கள் மாதா கோயில் பங்கில் நவம்பர் மாதக் கல்லறைத் திருநாளுக்குள் இறந்தவர்களுக்குக் கல் நட்டுவிடுவது வழக்கம். அன்றைக்கு எல்லாக் குடும்பமும் கல்லறைத் தோட்டத்துக்கு வரும். பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றி, பக்கத்துக் கல்லறைகளையும் பார்த்துவிட்டுத்தான் போகும். கல்லில் பதிக்க ஒரு படம் வேண்டும். பூந்தமல்லியில் கல் செய்கிறவர், பீங்கான் வில்லையில் படத்தைச் சுட்டுப் பதிப்பதாகச் சொன்னார்.

"நல்ல படமா குடுங்கம்மா. ஒரு தபா சூளைல வச்சிட்டா அப்பால மாத்த முடியாது. மழை வெயில் எதுக்கும் போவாது. உங்க பேரன் பேத்தி காலத்துக்கும் இதே மூஞ்சிதான்."

இதே மூஞ்சிதான் என்று கல்லுக்காரர் சொன்னது திரும்பி வருகிற பஸ்ஸில் வழியெல்லாம் காதிலேயே இருந்தது.

வீட்டில் மருமகள் ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தாள். "பேனர் படத்தையே குடுத்துடலாம் அத்தை. அதுல அது இல்ல."

எனக்குப் புரிந்தது. பேத்திக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். வானகரத்தில் ஒரு குடும்பம், எங்கள் பங்குதான், ஆனால் அவரைப் பார்த்துப் பழகியவர்கள் இல்லை. பெண்ணைப் பிடித்துவிட்டது, இன்னும் உறுதி ஆகவில்லை. அவர்களுடைய கல்லறையும் அதே தோட்டத்தில், எங்களுக்கு அடுத்த வரிசையில் இருக்கிறது.

"அவங்க வந்து நின்னு பாப்பாங்க. உங்க வீட்ல இது இருக்கானு கேட்டா நான் என்ன சொல்றது?" என்றாள். அவள் கேட்டதில் தப்பு இல்லை. நாத்தனாருக்கு நடந்தது அவளுக்கும் தெரியும்.

"அந்தப் பேனர் படம் வேணாம்மா" என்றேன்.

"அப்ப நீங்களே ஒரு படம் ரெடி பண்ணிக் குடுங்க. ஞாயித்துக்கிழமை உங்க பிள்ளை கல்லுக்காரர்கிட்ட போறாரு. இல்லன்னா அதுதான்."

கோபத்தில்தான் சொன்னாள். என்னால் ஆகாது என்று நினைத்திருப்பாள். நான் ஐந்தாவதோடு நின்றவள். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பேன், இங்கிலீஷ் வராது. போனில் எனக்குத் தெரிந்தது எடுத்துப் பேசுவதும், வருகிற படங்களைத் தள்ளிப் பார்ப்பதும்தான்.

மாடியில் குடியிருக்கிற பெண் அம்பத்தூர் எஸ்டேட்டில் தையல் கம்பெனிக்குப் போகிறவள். தாயும் மகளும் தனியாக இருக்கிறார்கள். அவளுக்கு லீவு நாளில் மெல்லப் படியேறிப் போனேன். என்னத்தைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று படியிலேயே நின்றுவிட்டேன். அவளே பார்த்துவிட்டாள்.

"இன்னா ஆயா, படில நின்னுகினு கீறே? உள்ள வா."

சொன்னேன். படத்தில் ஒரு சின்ன இடத்தை மட்டும் அழிக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும் என்றேன். எந்த இடம் என்று சொல்லவில்லை.

"அதுக்கு ஆப்பு ஆயிரம் கீது" என்று என் போனை வாங்கினாள்.

முதலில் ஒன்று இறக்கினாள். திறந்ததும் ஒரு விளம்பரம் ஆடியது. அதை மூடினால் இன்னொன்று. நடுவில் எங்கே தொட்டாலும் கிரீடம் படம் வந்து பணம் கட்டச் சொல்லியது. "இது வேணாம், உன்னைக் கடைல கொண்டுபோய் வித்துடும்" என்று அழித்தாள். இரண்டாவதில் அவள் தன் படத்தையே போட்டுக் காட்டினாள். போட்ட நொடியில் மூக்கு மெலிந்தது, கண் பெரிதாகியது, நிறம் வெளுத்தது. எனக்குப் பேனர் ஞாபகம் வந்தது.

"தானா செய்றது வேணாம்மா. நான் சொன்னாத்தான் செய்யணும்."

அவள் சிரித்தாள். "எல்லாரும் தானா செய்ற ஆப்புதான் கேப்பாங்க. நீ ஒருத்திதான் ஒண்ணும் செய்யாத ஆப்பு கேக்கறே."

மூன்றாவது அமைதியாக இருந்தது. படம் போட்டபடி நின்றது. எழுத்தெல்லாம் தமிழில் மாற்றிக் கொடுத்தாள். கீழே வரிசையாகச் சின்னச் சின்னப் பொத்தான்கள். ஓரத்தை வெட்ட ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று. அதற்கு அடுத்ததைப் பார்த்துக் கை நின்றுவிட்டது. குறுக்கே வைத்த ஒரு பிளாஸ்திரியின் படம்.

"அது இன்னாம்மா?"

"அதான் ஆயா நீ கேட்டது. மறு, தழும்பு எதுனா இருந்தா, இதைத் தொட்டுட்டு அது மேல தேச்சா போயிடும்."

"இதுவே இருக்கட்டும்" என்றேன்.

எடுத்தவுடனே அவர் முகத்தில் கைவைக்க எனக்கு மனசு வரவில்லை. அவள் வீட்டுக் காய்க்கூடையில் ஒரு சொத்தைக் கத்தரிக்காய் இருந்தது. அதைப் படம் எடுத்து அதில் பழகினேன். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து என் விரல் காய்ந்து கிடப்பதால் போனுக்கு என் தொடுகை தெரியவில்லை. தண்ணீரில் தொட்டுத் துடைத்துக்கொண்டு தேய்த்தால் கேட்டது. புழு ஓட்டை போய்ச் சுத்தமான கத்தரிக்காய் ஆனது.

"தோ பார்றா! இப்டியே மார்க்கெட்ல எல்லா சொத்தையும் வித்துடலாம் ஆயா."

நான் கேட்டது வேறு. "பழைய படம் போயிடுமா?"

போகாது என்று காட்டினாள். ஓட்டை உள்ள கத்தரிக்காய் ஒன்று, இல்லாத கத்தரிக்காய் ஒன்று, இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. எனக்கு மூச்சு வந்தது. சில ஆப்பில் பழையதன் மேலேயே எழுதிவிடுமாம், பிறகு எவ்வளவு அழுதாலும் வராதாம். நல்லவேளை, கேட்டுவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது உட்கார்ந்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. வாசற்படிப் படத்தைத் திறந்தேன். அப்படியே விட்டுவிடலாம் என்று ரொம்ப நேரம் தோன்றியது. எனக்கு அந்த வெள்ளையோடுதான் அவர். காலையில் காபி டம்ளரில் முதலில் படுகிற இடம் அது. காய்ச்சல் வந்தால் அந்த இடம் மட்டும் சிவக்கும், அதை வைத்துத்தான் காய்ச்சல் என்று கண்டுபிடிப்பேன்.

ஆனால் இந்தப் படம் அவருக்குத் தெரியாமல் எடுத்தது. தெரிந்திருந்தால் திரும்பியிருப்பார். உயிரோடு இருந்தவரை ஒரு படத்திலும் ஒரு விசேஷத்திலும் காட்டாததை, இனி திரும்ப முடியாத இடத்தில் வைத்து நான் எப்படிக் காட்டுவது? கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர் போல முன்னால் வந்து நின்று, இன்னும் கொஞ்சம் சின்னதாக வெட்டு என்று அவர் சொல்வது போல இருந்தது.

பிளாஸ்திரிப் பொத்தானைத் தொட்டேன். முதல் தடவை மீசை முடி இழுபட்டு உதட்டின் மேல் வந்து விழுந்தது. பின்னால் போகிற அம்புக்குறியைத் தொட்டுப் பழையபடி ஆக்கினேன். பெரிதாக்கி, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். பக்கத்துத் தோலின் கறுப்பு வந்து வெள்ளையை மூடிக்கொண்டே போனது. கடைசித் துளி வெள்ளை போனபோது விரலை எடுத்துவிட்டேன். வேறு எதையும் தொடவில்லை. நெற்றிச் சுருக்கம், காதில் நீண்ட முடி, அம்மைத் தழும்பு, கறுப்பு எல்லாம் இருந்தன.

மருமகள் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "நீங்களா பண்ணீங்க? தெரியவே இல்ல அத்தை." பிறகு, "இன்னும் கொஞ்சம் கலரா ஆக்கிடலாமே?"

"வேணாம்."

"சரி, விடுங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மகன் அதையே கொண்டுபோனான்.

கல்லறைத் திருநாளன்றும் மழை. தோட்டத்தில் சேறு, செங்கல் போட்டு நடந்துபோனோம். சாமியார் குடை பிடித்தபடி தீர்த்தம் தெளித்துக்கொண்டு போனார். புதுக் கல்லில் என் வீட்டுக்காரர் நேராகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த முறை யாரும் இது யார் என்று கேட்கவில்லை.

வானகரத்துக்காரர்கள் தங்கள் கல்லறையை முடித்துக்கொண்டு எங்களிடம் வந்தார்கள். பையனின் அம்மா குனிந்து படத்தைப் பார்த்தாள்.

"நல்ல முகம். எங்க மாமனாரும் இப்டித்தான், கருப்பா, களையா" என்றாள். மருமகள் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

நாத்தனார் மட்டும் கல்லெதிரே நின்றபடி நகரவில்லை. முந்தானையால் படத்து ஈரத்தைத் துடைத்தாள். உதட்டோரம் வந்ததும் அவள் விரல் அங்கேயே நின்றது.

"எங்க அண்ணன்தான் அண்ணி. நல்லாத்தான் கீது" என்றாள். கொஞ்சம் கழித்து, குரலைத் தாழ்த்தாமலே கேட்டாள். அவளுக்குத் தாழ்த்தத் தெரியாது. "அந்த இன்னொரு படம் வச்சிருக்கியா? எங்க அண்ணனை நான் ஒரு தபா பாக்கணும்."

போன் என் பையில்தான் இருந்தது. திறந்தால் அவர் இருப்பார், வாசற்படியில், முழுசாக. எடுக்கப் போன கையைப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். பையனின் அம்மா இன்னும் எங்கள் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"வீட்டுக்கு வா, காட்டறேன்" என்று பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

நாத்தனார் என்னைப் பார்த்தாள், அந்த அம்மாளைப் பார்த்தாள். பிறகு, காற்றில் அணைந்துபோன மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக்கொண்டு திரும்ப ஏற்றப் பார்த்தாள். தீக்குச்சி நமத்துப் போயிருந்தது.