உள்பக்கத்து டயர்

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற என் கணவர், பழைய வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்து வீடாகவே மாற்றியிருந்தார். அதில்தான் அன்று காலை என் அப்பாவை வேளாங்கண்ணிக்கு அழைத்துக்கொண்டு குருசுக்குப்பத்திலிருந்து கிளம்பினோம். இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம். உட்கார முடியாது, படுத்தபடிதான் வந்தார். கட்டில் சரியாகப் பின்சக்கரத்துக்கு மேலே. "மெதுவா ஏத்தும்மா" என்றதற்கே, "சும்மா தொணதொணங்காதீங்கப்பா" என்று எரிந்து விழுந்திருந்தேன்.

பின்னால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு டயர். உள்பக்கத்து டயரில் காற்று இறங்கினால் வெளியிலிருந்து தெரியாது. பாரமெல்லாம் வெளி டயருக்குப் போய், சூடேறி அது வெடிக்கும். அதற்காகவே என் கணவர் எல்லா டயரிலும் காற்றழுத்தம் காட்டும் சென்சார் மாட்டி, ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு சின்னத் திரை வைத்திருந்தார். உள்டயரின் சிக்னல் மட்டும் முன்னால் வரை ஒழுங்காக வந்து சேராது. அதனால் சிக்னலை வலுவாக்கி அனுப்பப் பின்னால் ஒரு பூஸ்டர்.

முதலியார்பேட்டையை நெருங்கும்போது உள்டயரின் எண் மறைந்து வெறும் கோடு தெரிந்தது.

"மறுபடியும் போச்சா? தண்டத்துக்கு ஒரு மிஷினு!" என்றேன்.

"நிறுத்திப் பாக்கட்டுமா?" என்றார், வண்டி ஓட்டிக்கொண்டிருந்த இவர்.

"ஒண்ணும் வேணாம். இது எப்பவும் போறதுதானே. வெயில் ஏர்றதுக்குள்ள போவணும், ஓட்டுங்க."

சொல்லி முடிக்கவில்லை, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிளம்பும்போது, வழித்துணைக்கு மாதா படத்து விளக்கு எரியட்டும் என்று பின்னாலிருந்த ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எதையோ பிடுங்கிவிட்டு விளக்கைச் செருகியது நான்தான். அடிப்பாவி, அது பூஸ்டர்!

விழுந்தடித்துப் பின்னால் ஓடி மாற்றிச் செருகிவிட்டு வந்தேன். திரையில் அப்போதும் கோடுதான். சென்சார் நாம் கேட்கிற நேரத்தில் பேசாது, விட்டுவிட்டுத்தான் சிக்னல் அனுப்பும். பின்னால் பஸ், இரண்டு பக்கமும் பைக். ஓரங்கட்ட இடமில்லை. அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

திடீரென்று திரை பீப் பீப் என்று கத்தியது. உள்டயரின் காற்றழுத்தம் நாலரை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை. இவர் பஸ்காரன் ஹாரனைக் காதில் வாங்காமல், பூட்டியிருந்த ஒரு கடை வாசலில் வண்டியைத் திருப்பி நிறுத்தினார். இறங்கி வெளி டயரைத் தொட்டவர் வெடுக்கென்று கையை எடுத்தார்.

"நாந்தாங்க பிளக்கப் புடுங்குனேன்."

"அத அப்புறம் பேசலாம். மொதல்ல மாமாவப் பாரு."

உள்ளே போனேன். அப்பாவின் கை இன்னும் கம்பியை விடவில்லை.

"பயந்துட்டீங்களாப்பா?"

"தீஞ்ச வாடை அப்பவே வந்துச்சும்மா. கீழ தடதடன்னு வேற அடிச்சிது."

"ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ கத்துவியேன்னுதான் கம்முனு இருந்துட்டேன்."