நாலு சொட்டு மெத்தியோனின்

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். ராயபுரத்தில், கப்பல் எலிகளைச் சோதிக்கும் சின்ன ஆய்வகம். எந்த அமினோ அமிலம் இல்லாவிட்டால் பிளேக் கிருமி வளராது என்று பார்ப்பது எங்கள் வேலை. நான் பி.எஸ்ஸி. சலீமோ எடுபிடியாக வந்து, ஆய்வகத்தை நடத்திய டாக்டரிடம் தொழில் பழகியவன்.

சோதனைக் குழாய்களை அவரவரே கழுவ வேண்டும். பட்டதாரித் திமிரில் நான் ஒரு அலசு அலசி வைப்பேன். மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் சேர்க்காத சலீமின் குழாய்கள் கிருமி வளராமல் தெளிந்து நின்றன. என்னுடையவை எல்லாமே கலங்கின.

"சலீமைப் பார்த்துக் கத்துக்கோ" என்றார் டாக்டர், எல்லார் முன்னாலும். எனக்கு வயிறு எரிந்தது.

வெள்ளிக்கிழமை அவன் தொழுகைக்குப் போன நேரத்தில், அவனுடைய தெளிந்த குழாய்களில் மெத்தியோனினை நாலு நாலு சொட்டு விட்டேன்.

திங்களன்று அத்தனையும் கலங்கியிருந்தன. டாக்டர் முகம் சுளித்தார்.

"நான்தான் சார் சரியா கழுவல, பழசு ஒட்டியிருந்திருக்கும்" என்றான் சலீம்.

திரும்பக் கழுவ உட்கார்ந்தவன் என்னைக் கூப்பிட்டான். "தோஸ்து, உன்னுதையும் குடு, சேத்துக் கழுவிடறேன். உனக்கும் இதான் கோளாறோ இன்னாவோ."

அவன் கழுவித் தந்த குழாய்களில் என் சோதனை முதல் தடவையாகச் சரியாக வந்தது. டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். சலீம் அவரைவிடச் சந்தோஷப்பட்டான்.

ஆய்வகக் குறிப்பேட்டில், அந்தத் திங்கட்கிழமைக்கு நேராக அவன் எழுதிய வரி இருந்தது: 'கழுவியதில் குறை. சலீம்.' அதை அடித்துவிட்டு என் பெயரை எழுத, அங்கே இருந்த கடைசி நாள்வரை எனக்குத் துணிச்சல் வரவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.