முனியம்மாள் பிடித்திருந்த குழாய்

அடையாறில் நான் சமையலுக்கு இருந்த வீட்டின் பின்பக்கம் ஒரு மலை இருந்தது. ஆள் உயரம்தான், ஆனாலும் எல்லோரும் மலை என்றே சொன்னோம். வீட்டுக்காரர் பத்ரிநாராயணனின் மகன் நிரஞ்சன் வெளிநாட்டிலிருந்து பிளாஸ்டிக் புல் அனுப்பியிருந்தார். சுருட்டிய பாய் மாதிரி நாலு சுருள். அதை விரிப்பதற்காகவே லாரியில் மண் கொட்டி அந்த மலையை எழுப்பினார்கள். பேரன் வந்தால் சறுக்கி விளையாடுவானாம்.

தொண்ணூற்றாறு ஜூன் மழையில் அது கெட்டுப்போனது. மழை விட்டு ஒரு வாரம் ஆகியும் மலையடியில் புல்லுக்குக் கீழே தண்ணீர் நின்றது. கால் வைத்தால் தளும்பியது. அதுகூடப் பரவாயில்லை. சுவரோரம் ஒரு இடத்தில் புல் தானாக மெல்ல எழும்பும், பிறகு அடங்கும். போர்வைக்குள் யாரோ படுத்து மூச்சு விடுவதைப் போல. பட்டப்பகலில் அடுப்படி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டுக்கார அம்மா ஜெயலக்ஷ்மி மாமி, கொத்தனார் இனாயத்தை வரவழைத்தார். அவரோடு சித்தாளாக வந்தவள்தான் முனியம்மாள். தரமணிக்காரி. புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, தலையில் சும்மாடு. பதினாலு வயதில் செங்கல் தூக்க வந்தவளுக்கு அப்போது முப்பத்தைந்து இருக்கும். ஒரு சொம்பு தண்ணீரைத் தரையில் ஊற்றி, அது ஓடுவதைப் பார்த்தே வாட்டம் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவாள்.

கேட்டுக்குள் வந்ததும் நின்றுவிட்டாள்.

"இந்த ஊட்டுக்கா மேஸ்திரி இட்டாந்தீங்க?"

"ஏன், உன் மாமியா ஊடா இது?" என்றார் இனாயத். அவள் சிரிக்கவில்லை.

இனாயத் புல்லின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். அடியில் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட், அதற்கும் அடியில் களிமண். "தண்ணி போறதுக்கு வழியே வெக்கலம்மா. இது புல்லு இல்ல, மலைக்கு மாட்டி உட்ட ரெயின்கோட்டு" என்றார். ஷீட்டை எடுத்துவிட்டு, களிமண்ணை ஒரு அடி வெட்டி, ஜல்லியும் மணலும் போட்டு, மலையடியில் தெருப்பக்கம் வாட்டமாக ஒரு கால்வாய் எடுக்க வேண்டும் என்றார்.

"எதையாவது பண்ணுங்கோ, புல்லு மட்டும் கிழியப்படாது. நிரஞ்சன் அடுத்த மாசம் வரான்" என்றார் மாமி.

முதல் நாள் முழுக்க முனியம்மாள் சளைக்காமல் மண் சுமந்தாள். ஆனால் சுவரோரம் அந்த இடத்துக்கு மட்டும் போகவில்லை. "இன்னா முனிம்மா, அங்க மட்டும் முள்ளு கீதா?" என்று இனாயத் கேட்டும் போகவில்லை.

மறுநாள் டீக்குப் பின்கதவுக்கு வந்தாள். நான் அதிகம் பேசாதவள். அதனால்தானோ என்னவோ என்னிடம் சொன்னாள்.

அந்த இடத்தில் முன்பு கிணறு இருந்ததாம். எண்பத்தெட்டில் அதை மூடினார்கள். அன்றைக்குக் கொத்தனாராக இருந்தவர் இனாயத்தின் தாய்மாமன் ஷரஃபுதீன். கிணற்றை மூடினால் நடுவில் ஒரு குழாயை நிறுத்தி, அதைச் சுற்றித்தான் மண் கொட்டுவார்கள். கிணறு மூச்சு விட வேண்டும். விடாவிட்டால் சம்பந்தப்பட்டவர்களுக்கு மூச்சு முட்டும் என்பார்கள்.

"குழாய நிமுத்திப் புடிக்கிற வேல எனக்கு. புள்ளய அந்த மாமரத்துல தூளி கட்டிப் போட்டிருந்தேன். ஜவஹர்னு பேரு, ஒன்ற வயசு. அயுதுச்சி. கைய உட்டுட்டு ஓடிட்டேன். திரும்பி வந்து பாத்தா, குழாய் சாஞ்சி அது மேல மண்ணு வியுந்துக்கினு கீது. நான் வாயத் தொறக்கல. மறுநாளு புள்ளைக்கு மூச்சி இழுப்பு. நான் வேலைக்கு வரல. பதினெட்டாம் நாளு பூட்டான்."

டம்ளரைக் கழுவி வைத்தாள்.

"இன்னிக்கு அங்க தோண்டுவாரு. சாஞ்ச குழாய் வெளிய வரும்."

"நீ வீட்டுக்குப் போயிடேன்" என்றேன்.

"எட்டு வருசமா இந்தப் பக்கமே வராமதான இருந்தேன். இன்னா ஆச்சி?"

போய் நேராக இனாயத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். ஜன்னலில் எனக்குக் கேட்டது. அவர் கையிலிருந்த மண்வெட்டியை அவளே வாங்கிக்கொண்டாள்.

புல்லைப் புரட்டியதும் உப்பிக் கிடந்த ஷீட் தெரிந்தது. அதைக் கிழித்தாள். உஸ்ஸென்று நீளமாகக் காற்று வந்தது. பழைய கிணற்றின் வாடை அடுப்படி வரை வந்தது. முக்கால் அடி வெட்டியதும் சிமெண்ட் குழாயின் வாய் தெரிந்தது.

குழாய் சாயவில்லை. நேராக நின்றது. நாலு பக்கமும் செங்கல் முட்டுக் கொடுத்து, கலவை பூசி, வாயில் ஓட்டை போட்ட ஓடு வைத்திருந்தது.

இனாயத் குனிந்து தடவிப் பார்த்தார். "இது எங்க மாமு கை. மறுநாளு வந்து தோண்டி நிமுத்தியிருக்காரு. பாரு முனிம்மா, இத்த மூடுனதே இந்த மலையப் போட்டவனுங்கதான். மூணு மாசந்தான் ஆவுது. அதுவரிக்கும் கெணறு ஜோரா மூச்சு உட்டுக்கினுதான் இருந்திருக்கு. நீ ஒண்ணும் பண்ணல."

நல்ல சேதி என்று நினைத்துத்தான் சொன்னார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அப்பாடா, தோஷம் ஒண்ணும் இல்லையோன்னோ?" என்று மாமி உள்ளேயிருந்து கேட்டார்.

முனியம்மாள் குழியோரம் உட்கார்ந்து குழாய் வாயில் உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவில்லை.

"அப்போ எம்புள்ள எதுக்கு செத்துச்சி மேஸ்திரி?"

இனாயத் குனிந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அடுப்பை அணைக்கப் போவதுபோல் நகர்ந்துவிட்டேன்.

சாயங்காலம் வரை ஜல்லி சுமந்தாள். கால்வாயும் முடிந்தது. குழாயை மேலே ஏற்றி, அந்த இடத்தில் புல்லை வட்டமாக நறுக்கிவிட்டார்கள். அடுத்த மழையில் தண்ணீர் நிற்கவில்லை, புல்லும் அசையவில்லை.

தீபாவளிக்கு முன்னால் இனாயத் சுவர் பூச வேறு ஒருத்தியோடு வந்தார். முனியம்மாள் எங்கே என்று கேட்டேன்.

"வேலைக்கு வர்றதில்லம்மா. அது கையால மண்ணு கொட்டி மூடுன கெணறெல்லாம் எங்கெங்க கீதுன்னு தேடிக்கினு திரியுது. மேற்கு மாம்பலத்துல ஒரு ஊடு, மைலாப்பூர்ல ரெண்டு. போயிக் கதவத் தட்டி, உள்ள உட்டுக் காட்டச் சொல்லுதாம். எங்கியோ ஒரு குழாய் சாஞ்சிக் கெடக்கும்னு சொல்லுது."