இறுதி ஆட்டத்தின் கடைசிச் சுற்று

1. அரைகுறை அளவு

பிரெஞ்சு பேசும் லாசால் பகுதியில், பழைய பிலிம் சுருள்களைக் கணினிக்கு மாற்றும் சிறிய லாப் ஒன்றில் பல வருடங்கள் வேலை செய்தேன். என் கையால் நாசமான சுருள் ஒன்றே ஒன்றுதான். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

அதைக் கொண்டுவந்தவர் மொரிஸ். வயது தொண்ணூற்றைந்து. மகள் எலென் ஆற்றுக்கு அக்கரையிலுள்ள லொங்குய்யிலிருந்து காரில் கூட்டிவந்தார். கூடைப்பந்தை இங்கே சம்பளத்துக்கு விளையாடத் தொடங்கிய காலத்தில் மொரிஸ் ஓர் அணியில் இருந்தவர். பகலில் எல்லோருக்கும் தொழிற்சாலை வேலை, பின்னேரம் ஆட்டம். ஹாக்கி அரங்கின் பனிக்கட்டிக்கு மேல் பலகை அடுக்கித்தான் விளையாடுவார்களாம். இடுக்கால் ஈரம் கசியும்; பந்து சரியாக எழும்பாது. அப்படியான ஒரு சீசனில், எட்டே பேரை வைத்துக்கொண்டு அவர்கள் சாம்பியன் ஆனார்கள். இறுதி ஆட்டத்தை யாரோ படம் பிடித்திருந்தார். வேறு பிரதி கிடையாது.

மொரிஸும் மற்றவர்களும் பிரெஞ்சில் சொன்னதை எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன்.

"கடைசிக் கூடையை நான் போட்டனெண்டுதான் பேப்பரிலை வந்தது. நான் போடேல்லை. கஸ்தோன் போட்டவன். சனம் என்னைத் தோளிலை தூக்கிச்சுது. நானும் வாயைத் திறக்கேல்லை."

"பேந்தும் சொல்லேல்லையோ, ஐயா?"

"கஸ்தோன் செத்தாப் பிறகு சொன்னன். நான் பெருந்தன்மையாக் கதைக்கிறனெண்டு எல்லாரும் சிரிச்சினம். அவன்ரை மகனுக்கு இந்தப் படத்தைக் காட்ட வேணும்."

தகர டப்பாவைத் திறந்ததும் வினாகிரி மணம் அடித்தது. பிலிம் கெட்டுப்போகத் தொடங்கினால் அந்த மணம் வரும், சுருளும் சுருங்கும். எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று வெளிச்சுற்று, உட்சுற்று இரண்டையும் அளந்த பிறகுதான் மெஷினில் போட வேண்டும். கூடச் சுருங்கியிருந்தால் டவுன்டவுனில் இருக்கும், பிலிமின் ஓரத் துளைகளைப் பிடித்து இழுக்கும் பல்சக்கரம் இல்லாத மெஷினுக்கு அனுப்ப வேண்டும். அங்கே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. "அப்பாவுக்கு இருதயம் ஏலாது, கெதியாச் செய்யுங்கோ," என்று எலென் இரண்டு தரம் போன் செய்துவிட்டார்.

நான் வெளிச்சுற்றை மட்டும் அளந்தேன். அது பரவாயில்லை.

எங்கள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் மன்னாரைச் சேர்ந்த ரஞ்சி அக்கா. "தம்பி, உள்சுற்றும் அளந்தனியோ?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா," என்றேன்.

2. அறுந்தது

மெஷினில் படம் நன்றாகவே ஓடியது. ஒல்லியான மொரிஸை என்னால் அடையாளம் காண முடிந்தது. ஈரப் பலகையில் ஒருவன் வழுக்கி விழ, மற்றவன் அவனைத் தாண்டிப் பாய்ந்தான். கடைசி நிமிடம் வந்தது. மொரிஸின் கையில் பந்து. அந்த இடத்தில் படக்கென்று ஒரு சத்தம். நான் மெஷினை நிறுத்துவதற்குள், ஆட்டத்தின் முடிவு இருந்த உட்சுற்று முழுவதும் பல்சக்கரத்தில் சிக்கி நொறுங்கிவிட்டது. படம் பதிந்திருந்த பூச்சு செதில் செதிலாக உதிர்ந்து கிடந்தது.

ரஞ்சி அக்கா சாப்பிடப் போயிருந்தார். வேலை போய்விடும் என்ற பயத்தில், துண்டுகளை ஒரு பையில் அள்ளிக் கொண்டுபோய் வெளியே குப்பைத் தொட்டியில் போட்டேன். சில துண்டுகளில் படம் இருந்தது. பொறுமையாக ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்திருக்கலாம். அது தெரிந்துதான் போட்டேன்.

3. காட்டிய நாள்

மொரிஸும் எலெனும் கஸ்தோனின் மகனோடு வந்தார்கள். அந்த மனிதருக்கும் அறுபது தாண்டியிருக்கும். இளவயதுத் தகப்பன் திரையில் ஓடிவந்ததும் அவர் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். மொரிஸின் கைக்குப் பந்து வந்தது. திரை வெளுத்தது.

"மிச்சம் எங்கை?" என்றார் மொரிஸ்.

"இவ்வளவுதான் ஐயா. கமராவிலை பிலிம் முடிஞ்சிருக்கும்."

கஸ்தோனின் மகன் மொரிஸின் தோளைத் தட்டினார். "பந்து உங்கடை கையிலைதானே இருக்கு. நீங்கள்தான் போட்டிருக்கிறியள். விடுங்கோ, மிசியூ மொரிஸ்."

மொரிஸ் எழும்பினார். மகள் கோட்டைப் பிடிக்க, கையை நுழைக்க முடியாமல் நெடுநேரம் தடுமாறிக்கொண்டு நின்றார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

4. பிந்திப்போன போன்

பனி கரையுமுன் மொரிஸ் இறந்துவிட்டார். அதைக் கேள்விப்பட்ட அன்று ரஞ்சி அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"என்ரை கையிலையும் அறுந்திருக்கு. ஆருக்கு அறேல்லை? ஆனா ஏன் எறிஞ்சனி? அதுக்குப் பிறகும் படம் இருந்ததெண்டாவது நீ சொல்லியிருந்தா, அந்த மகன் ஒருக்கா யோசிச்சிருப்பார்," என்றார். என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் எனக்கு மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கஸ்தோனின் மகனுக்குக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. எலெனுக்குப் போன் செய்தேன். நடந்ததை முழுதாகச் சொன்னேன். அவர், "அப்பா கடைசிவரைக்கும் அந்தக் கமராக்காரனைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

எப்போதோ செத்துப்போன, ஒரு பிழையும் செய்யாத மனிதன் அந்தக் கமராக்காரன்.

உள்சுற்றையும் அளந்து பாருங்கள். அறுந்தால் துண்டுகளை எறியாதீர்கள். இதெல்லாம் கைநூலிலேயே இருக்கிறது. அதில் இல்லாதது ஒன்று: பழுதாக்கியதை, கேட்க வேண்டியவர் உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். நான் சொன்னது அவருடைய மகளுக்கு.