துப்பறிவாளரின் லைட்டர்

பழைய தொடர்கதைத் துப்பறிவாளர் ஒருவரை இந்தக் காலத்துக்கு மாற்றித் தொலைக்காட்சியில் உலவவிட்டிருந்தார்கள். அவர் லைட்டரை எடுத்ததும் எனக்குச் சிவகாசி வீட்டின் பசை மணத்தது.

அறுபதுகளில் அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் தீப்பெட்டி ஒட்ட, அக்கா வாரப் பத்திரிகையில் வந்த அவருடைய துப்பறியும் தொடர்கதையைச் சத்தமாக வாசிப்பாள். கதாநாயகர் தீக்குச்சியை உரசிச் சுருட்டைப் பற்றவைத்தால்தான் அவருக்கு மூளை ஓடும். ஒரு வாரம் எழுத்தாளர் அவர் கையில் லைட்டரைக் கொடுத்துவிட்டார்.

அம்மா பசைக்கையோடு எழுந்தாள். "நம்ம பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டானே! இனி இந்தக் கதை இங்கன வேண்டாம்."

கொலைகாரன் யாரென்று தெரியாமல் தவித்தோம். அடுத்த வாரம் அக்கா பத்திரிகையைப் பிரித்ததுமே அம்மா எழுந்துவிட்டாள்; எட்டிப் பார்த்தேன், அச்சில் அப்போதும் லைட்டர்தான். அக்காவோ கண் இமைக்காமல், "தீக்குச்சியை உரசினார்" என்று வாசித்தாள்.

"இப்பத்தான் மனுசனுக்குப் புத்தி வந்திருக்கு," என்று அம்மா மறுபடி உட்கார்ந்தாள்.

இப்போது திரையில் லைட்டர் 'க்ளிக்' என்றது. பக்கத்தில் அரைத்தூக்கத்திலிருந்த அக்கா சத்தமாகச் சொன்னாள்: "தீக்குச்சியை உரசினார்."