பின் நம்பரைத் தமிழில் கத்தாதீர்கள்

ஜவுளிக்கடை கல்லாவில் உட்காருகிறவளுக்குக் காது கொஞ்சம் மந்தமாக இருந்தால் நிம்மதி. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பகலில் எம்.ஏ. வகுப்பு, சாயங்காலம் பம்பாய் மாட்டுங்காவில் ஒரு புடவைக் கடையில் பில் போடும் வேலை. அடுத்த செமஸ்டர் ஃபீஸ் இந்தச் சம்பளத்தில்தான். கார்டு மெஷினோடு மாரடிக்கும் சகோதர சகோதரிகளே, நான் சொல்லப்போவது உங்களுக்கும் நடந்திருக்கும்.

ரகசிய மொழி

விக்ரோலியிலிருந்து வந்த தம்பதி. அம்மா கவுண்டரில், ஐயா வாசல் பக்கம் நாற்காலியில், பைகளுக்குக் காவல். மெஷின் பின் நம்பர் கேட்டதும் அம்மா திரும்பி, "ஏங்க, நம்பரு?" என்றார். ஐயா கடை அதிரக் குரல் கொடுத்தார்: "ரெண்டு, ஏழு, ஒண்ணு, ஒம்பது!" வரிசையில் நின்ற ஒருவர், "கடைசி ஒம்பதா, ஒண்ணா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முதல் வேலையா இந்த நம்பரை மாத்துங்க, வரிசையில பாதிப்பேர் தமிழ்க்காரங்க" என்றேன். ஐயாவுக்கு என் மேல்தான் கோபம்.

"தமிழ்லதானேம்மா சொன்னேன்? இது என்ன மெட்ராஸா, பம்பாய்ல எவனுக்குப் புரியப்போவுது?"

குடும்ப ஆல்பம்

பக்கத்துத் தெரு மாமி ஒருவர் இரண்டு பட்டுப்புடவை எடுத்தார். கார்டு கேட்டால் மொபைலை நீட்டினார். அதில் மாமாவின் கிரெடிட் கார்டு, முன்பக்கம் ஒரு போட்டோ, பின்பக்கம் ஒரு போட்டோ. மூன்று இலக்க ரகசிய எண்கூடப் பளிச்சென்று. "இதைப் பார்த்து அடிச்சுக்கோ." அந்தப் படம் இருந்தது குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில், ஒரு சஷ்டியப்தபூர்த்தி போட்டோவுக்கும் வெந்நீர் வைத்தியத்துக்கும் நடுவில்.

போட்டோவை வைத்துப் பில் போட முடியாது, முதலில் அதை அழியுங்கள், அந்தக் கார்டையும் மாற்றச் சொல்லுங்கள் என்று பத்து நிமிஷம் வாதாடினேன். மாமி நேராக முதலாளி அண்ணாச்சியிடம் போய்ப் புகார் கொடுத்தார். அண்ணாச்சி என்னைத் தனியே அழைத்து, இன்னொரு புகார் வந்தால் மறுநாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மாமி போகும்போது எனக்குச் சமாதானம் சொன்னார்:

"எல்லாரும் ஆத்து மனுஷாதான்டி. பால்காரன் ஒருத்தன் எப்படியோ குரூப்ல வந்துட்டான், அவனும் நல்லவன்தான்."

பாசக்காரத் தம்பி

செம்பூரில் ஆஸ்பத்திரி ஆயாவாக இருக்கும் ஸ்டெல்லா அக்கா, மகள் நிச்சயதார்த்தத்துக்குப் புடவை எடுக்க வந்திருந்தார். காதில் போன். "சொல்லுங்க தம்பி… ஆமா, நமக்கு நாசரேத் பக்கம்… நீங்களும் அங்கனதானா!" முகமெல்லாம் பூரிப்பு. பிறகு மொபைலை என்னிடம் நீட்டினார். "கண்ணாடி கொண்டாரல தாயி. இப்ப வந்த மெசேஜ்ல ஒரு நம்பர் இருக்காம், சத்தமா வாசி. கார்டு பிளாக் ஆயிட்டுதாம், தம்பி தெறந்து விடுதாரு."

பார்த்தேன். ஓடிபி. நாற்பத்தெட்டாயிரம் ரூபாய்க்கு. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அதிலேயே எழுதியிருந்தது. "வாசிக்க மாட்டேன்" என்றேன்.

அக்கா கொதித்துவிட்டார். "படிச்ச புள்ளைன்னு ஒரு ஒதவி கேட்டா என்ன திமிரு! முதலாளியக் கூப்பிடு!" அண்ணாச்சி வந்துகொண்டிருந்தார். வேலை போச்சு என்றே நினைத்தேன். போகிற வேலை போகட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"எந்த பேங்க் சார்?"

"அக்காவோட பேங்க்தான்."

"அதுக்கு ஒரு பேர் இருக்குமே?"

அந்தத் தம்பி ஒருமுறை இருமினான். பிறகு, "கார்டு பேங்க்" என்றான்.

அண்ணாச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது. போன் கட் ஆனது. கார்டின் பின்னால் அச்சிட்டிருந்த நம்பருக்கு நாங்களே அடித்தோம். பதினோரு நிமிஷம் மியூசிக் கேட்டோம். அக்கா கையைப் பிசைந்தபடி ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு பெண் லைனில் வந்து கார்டை முடக்கினாள். ஒரு பைசா போகவில்லை என்றாள். அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு அவர் சொன்னார்:

"படுபாவி! ஆனா எங்கூடப் பொறந்தவன்கூட என்னைய இவ்ளோ பாசமா அக்கான்னு கூப்பிட்டதில்ல பாத்துக்கோ."

தீர்ப்பு

கடை சாத்தும் நேரம் அண்ணாச்சி முன்னால் போய் நின்றேன். நாளைக்கு வரவா வேண்டாமா என்று நேராகவே கேட்டேன். அவர் கல்லாச் சாவியைத் தேடிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார்:

"கஸ்டமர்கிட்ட வாயாடக் கூடாதுன்னுதான் சொன்னேன். போன்ல பேசுதவன் நம்ம கஸ்டமரா? அவன்கிட்ட எவ்வளவு வேணும்னாலும் வாயாடு, நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்துரு."

ஆக, பில் போடுவது என் வேலை, ஜனங்களின் ரகசியத்தை அவர்களிடமிருந்தே காப்பாற்றுவது என் ஓவர்டைம், அதற்கு மட்டும் இன்னும் யாரும் சம்பளம் பேசவில்லை.